திங்கட்கிழமைக் கேள்வி

"இன்னும் ஆகலீங்களா?"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கம்போல, அந்த ஒற்றை வரி திரையில் வந்து உட்கார்ந்தது. மௌனிகா மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

"உன்ர மேனேஜர் கேட்டுட்டாராக்கும்?" என்று கேலி செய்தான் கணவன் பூபதிராஜா.

"தொண்ணூத்தேழாவது தடவைங்க. எண்ணி வெச்சிருக்கறேன்."

பச்சோந்தி என்பது படங்களைத் திருத்தும் மென்பொருள். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், எவரும் அதைச் செப்பனிட்டும் கொடுக்கலாம். எடுத்துக்கொண்டவர்கள் பல லட்சம். செப்பனிட ஒரு காலத்தில் பதினோரு பேர் இருந்தார்கள், இப்போது இரண்டே பேர். ஒருவர் ஜெர்மனியில். இன்னொருத்தி கொழிஞ்சாம்பாறையில், வாரம் முழுக்க ஒரு நிறுவனத்துக்கு உழைத்துவிட்டு, மிஞ்சும் ஞாயிற்றுக்கிழமையை இதற்குத் தருபவள்.

புகார் எண் 4127: ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிய படத்தைச் சேமித்தால், பச்சோந்தி பாதியில் மூடிக்கொள்கிறது. முதல் வருடம் முழுக்க மௌனிகா அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு முடிச்சை அவிழ்த்தால் உள்ளே இரண்டு இருந்தன. அலுத்துப்போய்த் தள்ளி வைத்தாள். அந்தப் புகாருக்கு அடியில் வாராவாரம் வரும் கேள்வி மட்டும் தள்ளிப்போகவில்லை.

புகார்கள் பதியும் அந்த இணையதளத்திலேயே தமிழில் இருந்த ஒரே வரி அதுதான். ஏதோ வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு ஜெர்மன்காரர் வாராவாரம் அதற்கு இதயம் வேறு போடுவார்.

"நான் பச்சோந்தியில இருந்து விலகிக்கறேனுங்க. கடுதாசி எழுதி வெச்சுட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஆளை ஒருக்கா நேர்ல பாக்கோணும்."

ஆள் யாரென்பதில் ரகசியமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் விளம்பரம் இருந்தது: குப்பண்ணன் டிஜிட்டல்ஸ், வேலந்தாவளம்.

"சண்டைக்குத்தானே போறே? ஹெல்மெட்டைக் கழட்டிராதே" என்றான் பூபதிராஜா.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தாள். கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், வரிசையில் நின்ற லாரிகளுக்குப் பின்னால் கடை. உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் காதுகுத்து விளம்பரத்துக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மணி. ஃபிளெக்ஸுங்களா?"

(இப்போது அடிப்பது துணியில்தான். பிளாஸ்டிக் தடைச் சட்டத்துக்காகச் சரக்கு மாறியது, பெயர் மாறவில்லை.)

"ஆமாங்ணா. ஆறுக்கு நாலு. 'திங்கட்கிழமைதோறும் கேட்க வேண்டாம். இங்கு யாரும் சும்மா இல்லை.' அவ்வளவுதான்."

குப்பண்ணன் சிரத்தையாகத் தட்டினார்.

"ஆச்சரியக்குறி போடட்டுங்களா?"

"ரெண்டு போடுங்க."

"எங்கீங்க கட்டறது?"

"உங்க கடை முன்னாடிதான்."

விரல் நின்றது. திரையைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் படித்தார்.

"அம்மணி… நீங்க… பச்சோந்தி மௌனிகாங்களா?"

"ஆமாங்க."

"ஏ வள்ளியாத்தா! ஓடியா! நம்ம பச்சோந்திப் புள்ள வந்திருக்குது! அமெரிக்காவுல இருந்து!"

"கொழிஞ்சாம்பாறையில இருந்துங்க."

"அட, அங்க எங்க பங்காளி ஊடே இருக்குது!"

உள்ளேயிருந்து அவர் மனைவி வள்ளியாத்தாள் டீயும் முறுக்குமாக வந்தாள். "திங்கக்கெழமையானா இவரு பல்லு வெளக்கறாரோ இல்லையோ, உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் மறுவேலை பாப்பாருங்க."

வழிநெடுக ஒத்திகை பார்த்த வசவுகளை முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கும்போதுதான் மௌனிகா திரையைக் கவனித்தாள். அது பச்சோந்தி இல்லை. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள்.

"இதென்னங்ணா?"

"இதுங்களா? போன வருசமே வாங்கிப்போட்டனுங்க. கடை ஓடோணுமில்லீங்க?"

"அப்ப பச்சோந்தி உங்களுக்கு வேண்டவே வேண்டாம்?"

"இப்பத்திக்கு வேண்டாங்க."

"பின்னே எதுக்கு வாராவாரம் என்ர உசிரை வாங்கறீங்க?"

குப்பண்ணன் தலையைச் சொறிந்தார். "அங்கொரு சட்டம் வெச்சிருக்கறாங்கம்மணி. அறுபது நாளு யாரும் வாயைத் தொறக்கலீன்னா, புகாரைத் தானா இழுத்து மூடிப்போடுமாமா. எனக்கு இங்கிலீசு அரைகொறைதான். ஆனா அதுக்கடியில நீங்க பக்கம் பக்கமா எழுதியிருக்கறது தெரியுதுங்களே. அப்புறம் மாசக்கணக்கா சத்தமே இல்லீங்க. ஒருக்கா மூடிட்டா அந்தப் பக்கம் எவன் எட்டிப் பாக்கப் போறான்? இந்தப் புள்ள பட்ட பாடெல்லாம் வீணாப் போயிருமேன்னுதான்…"

மௌனிகா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அதுக்கு அறுபது நாளைக்கு ஒருக்காக் கேட்டாப் போதுமேங்ணா?"

"அறுபதை எவன் எண்ணறதுங்க? திங்கக்கெழமைன்னா மறக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ புரையேறியது. எதற்கென்று தெரியாமல் வள்ளியாத்தாளும் சிரித்தாள்.

சிரித்து முடித்து, மௌனிகா போனை எடுத்தாள். அனுப்பக் காத்திருந்த விலகல் கடிதத்தை அழித்தாள்.

"அப்ப இந்த ஃபிளெக்ஸையும் அழிச்சரட்டுங்களா?" என்றார் குப்பண்ணன் ஆவலாக.

"வேண்டாங்ணா. எழுத்தை மட்டும் மாத்துங்க. 'வேலை நடக்கிறது'ன்னு போடுங்க."

"எங்கீங்க கட்டறது?"

"எங்க ஊட்டுல. என்ர மேசைக்கு எதிர்ல."

"ஆச்சரியக்குறி?"

"ஒண்ணு போதும்."

சுடச்சுட அடித்துச் சுருட்டிக் கொடுத்தார். இருவரும் ஸ்கூட்டர் வரை வந்து வழியனுப்பினார்கள்.

"எல்லாஞ் செரிங்கம்மணி" என்றார் குப்பண்ணன். "அந்த அறுபது நாள் சட்டத்தைப் போட்ட மகராசன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவனை நாலு கேள்வி கேக்கோணும்."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புகார்க் குவியல் தானாகக் குறையட்டும் என்று உட்கார்ந்து அந்தச் சட்டத்தை எழுதியவள், ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள்.