சுழலும் தளம்

"அந்த நாற்காலி வேண்டாம் சம்பந்தியம்மா, உங்களுக்கு இதுதான்."

மாப்பிள்ளையின் அம்மா ஷோல்பான், கோபுர உச்சி உணவகத்தின் கதவோரம் இருந்த நாற்காலியில் ரைகுலைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

ரைகுலுக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவள், அதுவும் விருந்தாளி. கதவிலிருந்து தள்ளி இருக்கும் கோடிதான் விருந்தாளிக்கு என்பது அஸ்தானாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோடியில் மாப்பிள்ளையின் அப்பா மெய்ராம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் மாப்பிள்ளையும் அவள் பெண் தோக்ஜானும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் தோக்ஜானுக்குத் தோடு போடுவார்கள். போட்டுவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. 'அம்மாவுக்கே கதவோரம் என்றால், இந்த வீட்டில் என் பெண் எங்கே உட்காருவாள்?' ரைகுலின் மனசு கொதித்தது.

"இந்தக் கோபுரம் எங்க கம்பெனி கட்டினது," என்றார் மெய்ராம். "மேல வர வரக் குறுகிக்கிட்டே வரும். மூலையெல்லாம் வளைச்சுட்டோம், காத்து வழுக்கிட்டுப் போயிடும். இந்த ஜன்னலோரத் தரை இருக்கே, மெதுவாச் சுத்தும். நடுவுல லிஃப்ட், கதவு, சமையலறை எல்லாம் அப்படியே நிக்கும். இந்த மாதிரி உசரத்தை நீங்க எங்க பார்த்திருக்கப் போறீங்க?"

"தினமும் பார்க்கறேன். என் பஸ்ஸோட கடைசி நிறுத்தம் இதன் காலடியிலதான்."

"கீழேருந்து பார்த்தா என்ன தெரியும்?"

"மனுஷங்க தெரியறாங்க. இங்கேருந்து ஒருத்தரும் தெரியல."

தோக்ஜான் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மெய்ராமுக்கு முகம் கறுத்தது. கண்ணாடிக்கு வெளியே ஏசில் ஆறு மெல்ல நகர்ந்து மறைய, அதற்கப்பால் வெறும் புல்வெளி வானம் வரைக்கும் கிடந்தது. அழகுதான், ரைகுலுக்கு அது பிடிக்கவும் செய்தது. அந்த மனுஷர் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

"கறி எங்க? கொண்டுவரச் சொல்லு," என்று மனைவியை அதட்டினார் மெய்ராம்.

"இன்னும் வேகல," என்றாள் ஷோல்பான், தேநீரை ஊற்றியபடி. சற்றுப் பொறுத்து அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில்.

அவர் கண்ணாடியைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். தளமும் சுழன்றுகொண்டே இருந்தது.

கடைசியில், விருந்தில் முதல் மரியாதைக்குரியவர் முன் வைக்கும் ஆட்டுத்தலைத் தட்டோடு பரிசாரகர் வந்தார். மேசை கதவைக் கடந்துவிட்டிருந்தது. இப்போது மெய்ராமின் முதுகுக்குப் பின்னால்தான் கதவு. பரிசாரகர் கதவைப் பார்த்தார், மேசையின் மறுகோடியைப் பார்த்தார். நேராக நடந்துபோய் ரைகுலின் முன் தட்டை வைத்துவிட்டு, "நீங்கதான் வெட்டணும் அம்மா," என்றார்.

மெய்ராம் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

ரைகுல் எழுந்து நின்றாள்.

"இந்த மரியாதை தரை சுத்தினதால வந்தது. நீங்க குடுத்தது இல்ல. கதவோரம் உக்காத்தி வைக்கிற வீட்டுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். தோக்ஜான், கோட்டை எடு."

தோக்ஜான் கண் கலங்க எழுந்தாள். ஷோல்பான் கத்தியை எடுத்து, வற்புறுத்துவது போல ரைகுலின் கையில் திணித்து, காதருகே குனிந்தாள்.

"தரைக்கு என்ன தெரியும் சம்பந்தியம்மா? இவர் அந்தக் கோடியை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். நேத்து நான் தனியா வந்து, இதே நாற்காலியில உக்காந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போனேன். மேசை கதவைத் தாண்டின பிறகுதான் தலை வெளிய வரணும்னு சமையல்காரர்கிட்டச் சொன்னதும் நான்தான்."