சுத்துப் பாதை

ஏழரைக்கு அக்கா குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருப்பாள். அங்கே அப்போது விடிகாலை ஐந்து.

நான் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைப்பது அந்தப் படியில் மட்டும்தான்.

பக்கத்தில் சுந்தரம்மா பெரியம்மா. அன்றைக்கு அவர் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை.

அவருடைய மகள்தான் கிருஷாந்தினி அக்கா. லெபனானில் ஒரு மலை ஊரில் வீட்டு வேலை. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து பதினாறு மாதமாகிறது. பாஸ்போர்ட் வீட்டுக்கார மேடத்தின் அலுமாரியில்.

முதல் தடவை ஓடப் பார்த்ததற்கு முழங்காலில் கட்டையால் அடி. அந்தக் கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. இரண்டாம் தடவைக்கு என்ன என்பதை மேடம் முன்கூட்டியே காட்டி வைத்திருந்தாள். சூடான இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து.

அக்கா என்னிடம் கேட்டது இரண்டு. கீழே பெரிய ரோட்டுக்கு இறங்க ஒரு வழி. செலவில்லாமல் ஒரு சப்பாத்து.

ரோட்டில் வேன் வரும். வேன் பெய்ரூட்டுக்குப் போகும். அங்கே எங்கள் நாட்டுத் தூதரகம்.

வீட்டு வைஃபையைத் தாண்டினால் அவளுடைய போனுக்கு உயிரில்லை. மேடம் குளிக்கும் பத்து நிமிடத்தில்தான் பேசுவாள். அதனால் தேடுவது என் பொறுப்பு. நான் விஞ்ஞானப் பட்டதாரி. வேலை இன்னும் கிடைக்கவில்லை.

அந்த நாட்டில் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். எந்த மலையில் எப்படி நடக்கலாம், எந்தச் சாமானை எங்கே மலிவாக வாங்கலாம். மழைக்கோட்டு. ஊன்றுகோல். கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து.

வாசித்துக் காட்டியபோது பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"நடக்குறதுக்குச் சாமான் வாங்குறாங்களா? சம்பளம் யாரு குடுக்குறா?"

சும்மா நடக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

மழைக்கோட்டுக்குப் பதில் குப்பைப் பை. கொழுந்துக்குப் போகிறவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் படங்கு கட்டுவதுபோல் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஊன்றுகோலுக்கு விளக்குமாற்றுக் கட்டை. சப்பாத்து மேடத்தின் மகன் கழித்துப் போட்டது. இரண்டு அளவு பெரிது. முனையில் காலுறையைத் திணித்தாள்.

பாதைதான் கஷ்டம்.

அந்த ஊரிலிருந்து இரண்டு பாதைகள் போட்டிருந்தார்கள். ஒன்று நாலு கிலோமீட்டர், மிகக் கடினம், கீழே ரோட்டுப் பாலத்தில் முடியும். மற்றது ஒன்பது கிலோமீட்டர், சுலபம், பிள்ளைகளும் நடக்கலாம். வழி நெடுகக் கற்களில் சிவப்பு வெள்ளைப் பெயின்ட் அடையாளம். அதன் வகை 'லூப்' என்றிருந்தது.

லூப் என்றால் சுத்து. எனக்கு அது உடனே புரிந்தது.

எங்கள் தோட்டத்திலும் இறங்குவதற்கு இரண்டு வழி. குறுக்கு செங்குத்தாக இறங்கும், காலை வாங்கிவிடும். சுத்துப் பாதை லொறி போவது. வளைந்து வளைந்து, நேரமெடுத்து இறங்கும். இரண்டும் கடைசியில் ஒரே கடைவீதியில்தான் போய்ச் சேரும்.

வரைபடத்தை இறக்க என்னிடம் டேட்டா போதவில்லை. பக்கத்தின் அடியில் கேள்வி கேட்க ஒரு பெட்டி இருந்தது. இந்தப் பாதை எங்கே முடிகிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இலக்கணத்தை இரண்டு தடவை பார்த்தேன்.

பிறகு அழித்துவிட்டேன். இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்கள்.

அக்காவுக்குப் பாலத்துக்கு இறங்கும் வழியில்தான் மனம். சின்ன வயதிலிருந்து இறங்காத இறக்கமா என்றாள். நான்தான் விடவில்லை.

"அந்தக் கால வச்சிக்கிட்டு குறுக்குல எறங்காதக்கா. சுத்துலயே போ. பெயின்ட் அடிச்ச கல்ல மட்டும் விட்றாத."

அவள் அதை இரண்டு முறை ஒப்பித்துக் காட்டினாள்.

மணி ஒன்பதானது. பத்தானது. உள்ளே பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்நேரம் ரோட்டைப் பிடித்திருப்பாளா என்று பெரியம்மா மறுபடியும் கேட்டார்.

அன்றைக்கென்று போனில் டேட்டா போட்டிருந்தேன். நேரம் போகாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நடந்துவிட்டு வந்தவர்கள் எழுதியிருந்ததை முதல் தடவையாக வாசித்தேன்.

யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள். அழகான நடை, செலவும் குறைவு, காரை விட்ட இடத்துக்கே வந்து முடிவதால் திரும்பிவர டாக்சி தேவையில்லை.

இன்னொரு தடவை வாசித்தேன்.

காரை விட்ட இடத்துக்கே.

அக்காவுக்கு எடுத்தேன். போகவில்லை. மறுபடி எடுத்தேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு அது அதிர்ந்தது. அக்காவின் குரல் பதிவு. காதோடு வைத்துக் கேட்டேன். மூச்சு வாங்கினாள். குரலில் சிரிப்பு இருந்தது. அவளை அப்படிக் கேட்டு மூன்று வருடத்துக்கு மேல்.

"வந்துட்டேன் நிரோ. ஒரே பனி, ஒண்ணுமே தெரியல. ஏதோ வீட்டுப் பின்பக்கம். போன் தானா வேலை செய்யுது. இங்க ஒரு நாய், கொலைக்கவே இல்ல புள்ள. ரொம்ப நாள் பழகுன மாதிரி வால ஆட்டிக்கிட்டு வருது."

என்ன சொல்கிறாள் என்று பெரியம்மா கேட்டார்.

"வந்து சேந்துட்டாளாம் பெரியம்மா."

அவர் எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இப்போது போனால் அரை நாள் சம்பளத்துக்காவது பேர் போடுவார்கள் என்று சொல்லி, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.