முன்பாரம்

"பின்பாரம் கூடிப்போச்சு அண்ணாச்சி. அம்மியை மட்டுமாவது முன்னால தள்ளிருவோம்," என்றான் டிரைவர் ஒலி முகம்மது.

குத்தாலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாடகைப் பிளஷர் காரின் பின்னால், பட்டாளத்தில் ஏலம் போன இரண்டு சக்கர டிரெய்லர் கொக்கியில் மாட்டி நின்றது. அதில் அவர் மகள் வள்ளித்தாயின் சீர். மெத்தையும் தலையணைகளும் முன்னால். அம்மி கடைசியில். அம்மியின் மேல் பித்தளை அண்டா, பக்கத்தில் உருளியும் குத்துவிளக்கும்.

வடகரையிலிருந்து தென்காசி வரை வழியெல்லாம் அண்டா எடுப்பாகத் தெரியவேண்டும். முக்கியமாகச் சம்பந்தியம்மாள் மாடத்தியின் கண்ணுக்கு. நிச்சயத்தன்று அந்த அம்மாள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "வடகரையில இருந்து என்ன வரும், தேங்காய் வரும்" என்று சிரித்தது அவர் நெஞ்சில் இன்னும் முள்ளாக நின்றது.

"ஏலே, பின்பாரம் ஏறுனா மாட்டுக்குக் கழுத்தைத் தூக்கும். உன் பிளஷருக்குக் கழுத்து எங்கன இருக்கு?"

ஒலி கொக்கிச் சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை. இராகுகாலத்துக்கு முன்னால் சீர் மாப்பிள்ளை வீட்டு வாசல் ஏறவேண்டும். பிந்தினால் மாடத்தி தெருவிலேயே நிறுத்திவைத்துவிடுவாள். அப்புறம் அண்டாவைப் பார்க்க ஊரே கூடும், சிரிக்க.

குற்றாலத்து முக்கில், ஆனிச் சாரலில் நனைந்தபடி ஒருத்தி கைகாட்டினாள். காலடியில் ஒரு கூடை. அதில் மூன்று பலாப்பழம். ஒரு காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நின்றாள்.

ஒலி வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாம போலே. இது சீர் வண்டி, சக்கைப்பழ வண்டி இல்லை."

முக்கைத் தாண்டி இறக்கம் வந்தது.

டிரெய்லர் முதலில் லேசாக அசைந்தது. பிறகு இடமும் வலமும் வீசியது. காரின் பின்பக்கமும் அதோடு சேர்ந்து ஆட, அண்டா கணகணவென்று அலறியது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் ஓரத்தில் ஒதுங்கி, வாய்க்கு வந்தபடி வைதான். ஒலி பிரேக்கைத் தொடவே இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் வளையத்தை மட்டும் இறுகப் பிடித்திருந்தான். வண்டி தானாகச் சோர்ந்து ஓரமாக நின்றது.

குத்தாலிங்கத்தின் வேட்டி முனை அவர் கைக்குள் கசங்கியிருந்தது.

"இன்னொரு இறக்கத்துல இப்படி ஆடுனா, சீரும் நாமளும் வயல்லதான் கிடக்கணும். முன்பாரம் வேணும் அண்ணாச்சி."

"அண்டா இருந்த இடத்துலதாம்லே இருக்கும்!"

"அப்ப வேற பாரம் வேணும்."

ஒலி வந்த வழியைப் பார்த்தான். சாரலுக்குள் தலையில் கூடையோடு அவள் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள்.

வேறு வழியில்லை. "ஏ ஆத்தா, தென்காசிக்கா?" என்று குத்தாலிங்கமே கூப்பிட்டார். குரல் வெண்ணெயாக இருந்தது. ஒலியிடம் மெல்ல, "பழத்தை மட்டும் ஏத்து," என்றார்.

"பழத்துக்குச் சொந்தக்காரியை ரோட்டுல விட்டுட்டா? டிரெய்லர்ல ஆள் ஏத்தப்படாது. உள்ளதான் இருக்கணும்."

அவள் பெயர் உலகம்மை.

ஓரத்தில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவர்கள் பழம் ஏற்றும் நேரத்தில் குத்தாலிங்கம் அங்கே போய்க் கண்ணை மூடி நின்றார். மகளை நினைத்தார். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடப்பா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னால், மாடத்தி அண்டாவைப் பார்க்கட்டும் என்றும் கேட்டார்.

திரும்பி வந்தபோது பழங்கள் முன்னால், சாக்கின் மேல் இருந்தன. அண்டா பின்னால்தான் இருந்தது. ஒலிக்கும் உலகம்மைக்கும் மேல்மூச்சு வாங்கியது.

மூன்று பழத்துக்கா இத்தனை மூச்சு என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பின் டிரெய்லர் பசுவின் பின்னால் கன்று வருவதுபோல் வந்தது. பின் ஸீட்டில் உலகம்மை தாம்பூலத் தட்டை மடியில் ஏந்திக்கொண்டு, ஒரு மஞ்சள்கூட உருளாமல் பார்த்துக்கொண்டாள்.

இராகுகாலத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீடு வந்துவிட்டது.

மாடத்தி வெளியே வந்தாள். அவள் கண் அண்டா பக்கம் போகவில்லை. தட்டோடு இறங்கிய ஈரச்சேலைக்காரியிடம் போனது.

"யாரு இது?"

"சந்தைக்குப் போறவ தாயி. கால் முடியாம நடந்து வந்தேன். மொதலாளிதான் கூப்பிட்டு ஏத்திக்கிட்டாக."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மாடத்தி குத்தாலிங்கத்தை முதல்முறையாக முகம் பார்த்துப் பேசினாள். "சீர் வண்டியில வழிப்போக்கு மனுசியை ஏத்த யாருக்கு மனசு வரும்? உங்க வீட்டுப் பொண்ணைப் பத்தி இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை அண்ணாச்சி."

பாரத்தின் கதையைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

சாமான்களை இறக்கினார்கள். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கினார்கள்.

அதன் அடியில் அம்மி இல்லை. ஒரு தலையணை இருந்தது, நன்றாக நசுங்கி.

அம்மி முன்னால் கிடந்தது. பலாப்பழம் இருந்த சாக்குக்கு அடியில்.

குத்தாலிங்கம் ஒலியைப் பார்த்தார். அவன், சாரல் கழுவிவைத்திருந்த கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உலகம்மை கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் திரும்பியிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏலே ஒலி, திரும்பும்போது டிரெய்லர் காலியா வருமே. ஆடுமோ?"

துடைக்கிற கை நின்றது. "ஆடத்தான் செய்யும் அண்ணாச்சி."

"அப்ப அவ விக்கிற வரைக்கும் இருந்து கூட்டிட்டுப் போவோம். முன்பாரம் வேணும்லா."

"திரும்பும்போது வெறுங்கூடைதான இருக்கும்?"

"அது போதும்லே."