ஆற்றங்கரைக்குப் போன பஸ்

ஒக்டோபர் மாதக் கடைசி நாள் காலை, லண்டனில் முன்னொரு காலம் யூதர்கள் வாழ்ந்த ஓல்ட் ஜூவரித் தெருவுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் சாரதி யாக்கோப்பு பஸ்ஸை நிறுத்தினார். மூட்டை முடிச்சுகளோடு பதினாறு பேர் ஏறினார்கள்.

முன்னால் வந்த பெண் கேட்டாள். "ஆத்தங்கரைக்குப் போகுமோ அண்ணை? யூதர் எல்லாரும் நாளைக்குள்ளை நாட்டை விட்டுப் போகோணுமாம். எட்வேர்ட் ராசாவின்ரை கட்டளை."

இப்போது அந்தப் பெயரில் அரசன் இல்லை; யூதரைத் துரத்திய எட்வேர்ட் இங்கிலாந்தை ஆண்டது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு. அவள் எந்த மொழியில் கேட்டாள் என்பதும் பிறகு அவருக்கு நினைவு வரவில்லை.

"ஓம், போகும்" என்றார்.

தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் அவருடைய முஸ்லிம் அயலவர்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள், துவக்கோடு வந்த இயக்கத்தார். சுபைதா அக்கா கைக்குழந்தையோடு தெருவில் நின்று திரும்பிப் பார்த்தா. யாக்கோப்பு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவர்.

ஆற்றங்கரையில் ஒவ்வொரு மூட்டையையும் அவரே இறக்கிக் கொடுத்தார். அந்த ஓட்டத்தில் ஒருவரும் ஏறவில்லை என்று டிக்கெட் மெஷின் காட்டியது.

திரும்பி வரும்போது ஆற்றங்கரையின் எதிர்ப்பக்க நிறுத்தம் வெறுமையாகக் கிடந்தது. யாக்கோப்பு நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்கோ, வீட்டை போவம்."

படியில் ஒருவரும் தெரியவில்லை. ஆட்கள் ஏறும்போது தாழ்வதுபோல பஸ் மெல்லத் தாழ்ந்தது. நெடுநேரம் தாழ்ந்துகொண்டே இருந்தது.