இடது கிண்ணம்

ஞானதுரையின் புராஸ்டேட் கட்டியிலிருந்து எடுத்த திசு, வீட்டுச் சமையலறையில் ஒரு வெதுவெதுப்பான பெட்டிக்குள் இரண்டு கிண்ணங்களில் வளர்ந்தது. வலது கிண்ணத்துக்கு மட்டும் ஆண் ஹார்மோன் சொட்டு விட வேண்டும். இடது, அது இல்லாமல் வாடினால் அவருக்கு அந்த ஹார்மோனை நிறுத்தும் ஊசி போதும். வாடாவிட்டால் அறுவை சிகிச்சை. காலையில் அவருக்கு இட்லி வைத்த கையோடு மனைவி பிளாரன்ஸ் சொட்டு விடுவாள்.

மாதக் கடைசியில் டாக்டர் பர்வீன் கிண்ணங்களைப் பார்த்தார்.

"ஹார்மோன் இல்லாமலே இடதும் நல்லா வளந்திருக்கு. ஊசி கேக்காது. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிரலாம்."

ஞானதுரை தலையாட்டினார். பிளாரன்ஸ் முந்தானையைப் பிசைந்தாள்.

"இடதுக்கும் நான் விட்டேன், டாக்டர்."

"ஏம்மா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"ரெண்டும் இவுகதான? ஒண்ணுக்கு ஊத்திட்டு இன்னொண்ண எப்படிப் பட்டினி போட?"