பந்தாவின் பங்களா

"எப்படிடா இருக்கு நம்ம பங்களா?" என்றான் பந்தா. கூடப் படித்தவர்கள் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். முப்பது வருடம் கழித்தும் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

வேனிலிருந்து இறங்கியவர்கள் மலைச்சரிவில் நின்ற வீட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"இந்த ஜன்னல் நானே யோசிச்சு வச்சது. படுத்துக்கிட்டே பள்ளத்தாக்கைப் பாக்கலாம்," என்றான் பந்தா, எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய்.

"ரசனைக்காரன்டா நீ," என்ற வக்கீல், மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீயும்தான் இத்தனை வருஷமா மாத்திரை விக்கிறே. இப்படி ஒரு வீடு கட்டணும்னு தோணுச்சா உனக்கு?"

மருந்துக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இனிமே ஒவ்வொரு கோடைக்கும் குடும்பத்தோட வாங்கடா," என்றான் பந்தா. கைதட்டல் எழுந்தது.

அதற்கு மேல் தாங்காமல் மருந்துக்கடைக்காரர் வீட்டின் பின்பக்கம் போனார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காவல்காரர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சார், வர்றதா ஒரு வார்த்தை சொல்லலியே? உங்க வீட்டை இன்னிக்கு யாரோ ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டிருக்கேனே. காலியா இருந்தா விடச் சொன்னது நீங்கதானே?"

"மெதுவா பேசுய்யா. என் வீடுன்னு தெரிஞ்சா வருஷா வருஷம் எல்லாரும் மூட்டை முடிச்சோட வந்து இறங்கிடுவாங்க. அதுக்குப் பயந்துதான் பத்து வருஷமா மூச்சு விடாம இருக்கேன்."

உள்ளே மறுபடியும் கைதட்டல் கேட்டது.

மருந்துக்கடைக்காரரின் முகம் சுருங்கியது.

"அந்த ஜன்னலை எங்கே வைக்கிறதுன்னு மூணு நாள் தூங்காம யோசிச்சேன்யா," என்றார் காவல்காரரிடம். "நல்லா இருக்குன்னு நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."