யாருன்னு கேட்டியா?

"இன்னிக்கு ஜெபக்கூடத்துக்கு ஒருத்தர் வந்தாரு, ஹெர்ஷல். பாவம், பசியா இருந்தாரு. தேன் கேக் குடுத்து, எல்லா அறையையும் சுத்திக் காட்டினேன்" என்றாள் ஸெல்டா.

கிளீவ்லேண்ட் யூத ஜெபக்கூடத்தின் தலைவரான அவள் கணவர் பதறினார். "யாருன்னு கேட்டியா?"

"சாப்பிடுறவர்கிட்ட அதையெல்லாமா கேப்பாங்க? எப்ப வேணா வாங்கன்னு பின்கதவுச் சாவியும் குடுத்தேன்."

"அடிப்பாவி! கேமரா வைக்க அரசாங்கத்துகிட்ட பாதுகாப்பு மானியம் கேட்டிருக்கேன். அதிகாரிக்குத் தெரிஞ்சா ஒரு டாலர் தேறாது!"

அன்றே ஹெர்ஷல் பூட்டுகளை மாற்றினார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கேட்ட மானியம் முழுவதும் அனுமதி! கீழே அதிகாரியின் குறிப்பு: 'நேரில் சென்றேன். நான் யாரென்றே எவரும் கேட்கவில்லை. மாநிலத்திலேயே பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் இதுதான்.'

ஹெர்ஷல் குறிப்பை மறுபடியும் படித்தார்.

"அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடு" என்றாள் ஸெல்டா. "மத்ததை நான் பாத்துக்கறேன்."